கணவாய்க்குப் பூசிய சிவப்பு

ஊருக்கெல்லாம் அவள் மேக்கப் அக்கா. தபால்காரர்கூட உறையில் எழுதியிருக்கும் பெயரைப் படிப்பதில்லை. படிக்கட்டின் கீழே நின்று, "மேக்கப் அக்கா, உங்களுக்குத்தான்" என்று குரல் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்.

கணவன் இறந்தபோது அவளுக்கு முப்பத்தொரு வயது. மூலையில் உட்கார்ந்து அழ நேரமில்லை, தொழில் கையில் இருந்தது. ஊர் ஊராகப் போய் மணப்பெண்களுக்கு ஒப்பனை செய்தாள். முகப்பருவை மறைப்பாள், கருவளையத்தை மறைப்பாள், முதல் நாள் அழுத அழுகையையும் மறைப்பாள். அவள் கை பட்டால் காய்ச்சல்காரியும் கல்யாணக் களையோடு எழுந்து நிற்பாள் என்று பேர் வாங்கியிருந்தாள். அந்தப் பேரை நம்பித்தான் பிழைப்பு ஓடியது.

பிறகு, நிச்சயமான ஜோடிகள் பனிமலைக்குப் போய்ப் படம் எடுத்துக்கொள்ளும் மோகம் வந்தது. மலையடிவாரத்தில் குடியிருந்துகொண்டு அதை விட்டுவிட முடியுமா? கொழுந்தனிடம் கேமரா இருந்தது. மருந்துக் கடைக்கு மேலே இரண்டு அறைகளை வாடகைக்குப் பிடித்தாள். முன்னறையில் ஒரு சோபாவும் சுவர் நிறையப் படங்களும். பின்னறையில் பிளாஸ்டிக் உறை போட்ட நீள கவுன்கள், உள்ளே போட்டுக்கொள்ளும் கம்பளி உடுப்புகள், கையுறைகள், வெந்நீர்ப் பைகள், ஒரு ஆக்சிஜன் சிலிண்டர். அனுமதிச் சீட்டு, ஜீப், தங்குமிடம், சாப்பாடு, எந்த மணிக்கு எந்தப் பாறையில் வெயில் விழும் என்பது வரைக்கும் எல்லாம் அவள் திட்டம்தான். கொழுந்தன் படம் எடுப்பதோடு சரி.

வீட்டுக்குத் தெரியாமல் ஓடிவந்த ஜோடிகளும் வருவார்கள். அவர்களைத்தான் அவளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

"அதுங்கதான் சொன்ன பேச்சு கேக்கும். கூட ஒரு அம்மா வராதுல்ல" என்பாள்.

அவள் கறாராக வைத்திருந்த விதி ஒன்றே ஒன்று. கணவாய் பதினாலாயிரம் அடி உயரம். வழியில் ஒன்பதாயிரம் அடியில் ஒரு சின்ன கிராமம் இருந்தது. அங்கே இரண்டு இரவு தங்கி, உடம்பை உயரத்துக்குப் பழக்கிவிட்டுத்தான் மேலே ஏற வேண்டும். யார் கெஞ்சினாலும் ஏழு வருடமாக அவள் அதை மாற்றியதில்லை. அந்த வருடம் மாற்றினாள்.

அந்த ஜோடி மாப்பிள்ளையின் அம்மாவோடு வந்தது. பெண் வங்கியில் காசாளர். பெண்ணின் அப்பா கடைசல் பட்டறை வைத்திருந்தார். மாப்பிள்ளை ஒரு கம்பெனியில் மேற்பார்வையாளன். மூன்று நாளுக்கு மேல் அவனுக்கு லீவு இல்லை. நாலாவது நாள் கணவாயில் பனிப்புயல் என்று வானிலை அறிக்கையும் சொல்லியிருந்தது.

"ரெண்டு ராத்திரி எதுக்கும்மா? தூங்கறதுக்கா மலைக்குப் போறோம்? தூக்கம் எங்க வீட்லயே தாராளமா கிடைக்குது" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

"உடம்பு பழகணும்மா."

"எங்க பையன் கல்லு மாதிரி இருப்பான். பொண்ணுக்கும் ஒண்ணும் இல்லன்னுதான் அவங்க அப்பா சத்தியம் பண்ணாத குறையா சொல்லியிருக்காரு. ஏம்மா, உனக்கு எதாவது இருக்கா?"

சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்த பெண், "இல்ல அத்தை" என்றாள்.

அந்தப் பதிலைச் சொன்ன வேகம் மேக்கப் அக்காவின் காதில் பட்டது. ஆனால் சீசனின் கடைசி வாரம் அது. தேதி போனால் ஜோடி வேறு ஆளிடம் போய்விடும். ஒரு இரவு போதும் என்று நோட்டில் எழுதிக்கொண்டாள். பக்கத்தில் நின்ற கொழுந்தன் பேனாவை ஒரு தரம் பார்த்தான், அண்ணியை ஒரு தரம் பார்த்தான்.

முதல் நாள் ஜீப்பில் ஆறு மணி நேரம் ஏறி அந்தக் கிராமத்தில் தங்கினார்கள். மரப்பலகைச் சுவர் வைத்த விடுதி. பெண்களுக்கு ஒரு அறை, ஆண்களுக்கு அடுத்த அறை. சாயங்காலமே பெண் தலைவலி என்றாள். மேலே வருகிறவர்களில் பாதிப்பேர் அதைச் சொல்வார்கள். அக்கா ஒரு மாத்திரை கொடுத்தாள். மாப்பிள்ளையின் அம்மா காதை மூடிக் கம்பளித் தொப்பி மாட்டிக்கொண்டு விடியும்வரை குறட்டை விட்டாள்.

காலை ஆறே முக்கால் மணிக்கு, மாப்பிள்ளையின் அம்மா குளிக்கப் போயிருந்த நேரம், ஒப்பனைக்காகப் பெண்ணை ஜன்னலோரம் உட்கார வைத்தாள். வைத்த கஞ்சி வைத்தபடி ஆடை கட்டிக் கிடந்தது. நகத்தில் பழைய சாயம் இருந்தது. அதைப் பஞ்சால் துடைத்தாள். அடியில் நகம் நீலம் பூத்திருந்தது. நிமிர்ந்து முகத்தைப் பார்த்தாள். உதட்டிலும் அதே நிறம். உட்கார்ந்த இடத்திலேயே, ஓடி வந்தவளைப் போலப் பெண்ணுக்கு மூச்சு வாங்கியது.

நோயாளியைப் பார்த்துக்கொள்ளப் போகிறவளுக்கு முதல் நாளே சொல்லித் தருவது இதைத்தான்: வாய் என்ன சொன்னாலும் நகத்தையும் உதட்டையும் பார். மேக்கப் அக்கா எந்தப் பயிற்சிக்கும் போனவள் இல்லை. ஆனால் ஏழு வருடம் மலை ஏறியவள். அவளுக்குத் தெரியும்.

"எப்போலேர்ந்து இப்படி இருக்கு?"

"குளிருக்கு அக்கா. எனக்கு எப்பவும் இப்படித்தான்."

"என்கிட்டயேவா? ராத்திரி பூரா இருமினியே."

பெண் கதவைப் பார்த்தாள். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, சொல்லிடாதீங்க. மூணு வருஷம் முன்னாடி ஒரு இடம் வந்து, பேசி முடிச்சாங்க. எனக்குச் சின்ன வயசுல வீசிங் இருந்துச்சு. பத்து வயசோட சரியாப் போச்சு. அதை யாரோ போய்ச் சொல்லி, அந்த இடம் நின்னுபோச்சு. அப்பா ஒரு மாசம் பட்டறையே திறக்கல. இந்த இடமும் போச்சுன்னா அவர் தாங்க மாட்டாரு அக்கா."

"கீழ இறங்கினா ரெண்டு மணி நேரத்துல சரியாயிடும்."

"இறங்கறதுக்கு என்ன காரணம் சொல்றது? ஒரு மணி நேரம் தானே மேல? படம் எடுத்துட்டு இறங்கிடலாம். ப்ளீஸ் அக்கா."

ஒரு மணி நேரம். அந்தச் சொல்லில்தான் அக்கா விழுந்தாள். இதைவிட மோசமாக வாந்தி எடுத்துக்கொண்டே ஏறி, படம் பிடித்து, சிரித்துக்கொண்டே இறங்கிய பெண்கள் அவள் நினைவில் வரிசையாக வந்தார்கள். சிலிண்டர் ஜீப்பில் இருக்கிறது, சாலையும் நன்றாக இருக்கிறது, ஒரு மணி நேரத்தில் என்ன ஆகிவிடும் என்று கணக்குப் போட்டாள். இந்தப் பெண்ணின் வாழ்க்கையைத் தன் வாயால் கெடுப்பானேன் என்றும் தோன்றியது. அது இரக்கம்தான். இரக்கப்பட்டு விஷம் கொடுத்தாலும் விஷம் விஷம்தான்.

நகங்களுக்குச் சிவப்பு பூசினாள். கன்னத்தில் லேசாக ரோஜா நிறம். உதட்டுக்கு முதல் பூச்சு நிற்கவில்லை, நீலம் அடியில் ஊதாவாகத் தெரிந்தது. துடைத்துவிட்டு அடர்த்தியான சிவப்பை எடுத்தாள். அது நின்றது.

ஈரத் தலையோடு வந்த மாப்பிள்ளையின் அம்மா, "பாரேன், நேத்து சுருங்கிப்போன கத்திரிக்கா மாதிரி இருந்தா. இப்ப என்ன ஜொலிப்பு" என்றாள். பெண் சிரித்தாள். ஏழே கால் மணிக்கு ஜீப் கிளம்பியது.

கணவாயில் காற்று அறைந்தது. மாப்பிள்ளையின் அம்மா ஜீப்பை விட்டு இறங்கவே இல்லை. கொழுந்தனுக்கு ஒரு பாறை பிடித்திருந்தது, சரிவில் இருபது அடி மேலே. பெண் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினாள். நாலு அடிக்கு ஒருமுறை நின்றாள். மாப்பிள்ளை கையைக் கொடுத்தான். நிற்கும் படம் மூன்று எடுத்தார்கள். மோதிரம் தெரியும்படி கையைக் கன்னத்தில் வைத்து ஒன்று.

"கொஞ்சம் உட்காரட்டுமா?" என்றாள் பெண்.

"உட்கார்ந்தா இன்னும் நல்லா இருக்கே. அப்படியே இருங்க, அசையாதீங்க" என்றான் கொழுந்தன். அவன் கண்ணில் கேமரா. அதன் வழியாகப் பார்த்தால் வெள்ளை மலை, சிவப்பு கவுன், சிவப்பு உதடு. அவன் பதினோரு படம் எடுத்தான்.

பதினோராவது படத்துக்குப் பெண் சிரிக்கவில்லை. கவுனின் மடிப்பைச் சரிசெய்யப் போன அக்காவுக்கு அந்த மூச்சு கேட்டது. மூடி போட்ட பாத்திரத்துக்குள் தண்ணீர் கொதிப்பது போல, நெஞ்சுக்குள்ளே களகளவென்று சத்தம். கட்டைவிரலால் உதட்டை அழுத்தித் துடைத்தாள். அடியில் நாவற்பழ நிறம்.

"தூக்குங்க" என்றாள். "தூக்குங்கடா, பார்த்துட்டு நிக்காதீங்க."

சிலிண்டரை வைத்தார்கள். ஓட்டுநர் அந்த வளைவுகளில் யாரும் போகாத வேகத்தில் போனார். மாப்பிள்ளையின் அம்மா முன்சீட்டில் திரும்பி உட்கார்ந்து, "என்னாச்சு, நல்லாத்தானே இருந்தா" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். பெண்ணின் வாயோரம் இளஞ்சிவப்பாக நுரை வந்தது. கிராமத்துச் சுகாதார நிலையத்துக்குள் மாப்பிள்ளைதான் தூக்கிக்கொண்டு ஓடினான். அரைமணி நேரம் போராடிவிட்டு நர்ஸ் கையை எடுத்துக்கொண்டாள்.

நர்ஸ் ஐம்பதைத் தாண்டியவள். தாளை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டாள்: "நுரையீரல்ல தண்ணி கோத்த மாதிரி இருக்கு. உயரம் ஒத்துக்காதவங்களுக்கு வரும். ஆனா முன்னாடியே காட்டும். காலைல உதடு, நகம் எதுவும் நிறம் மாறலையா?"

கொழுந்தன் கேமராவை நீட்டினான். "பாருங்க. நல்லா சிவப்பாத்தானே இருக்கு."

"பூசின உதட்டுல என்னப்பா தெரியும்? பூசறதுக்கு முன்னாடி யார் பார்த்தது?"

"நான்தான்" என்றாள் அக்கா.

"எப்படி இருந்துச்சு?"

கட்டிலில் கவுனின் விளிம்பு தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை சுவரைப் பார்த்து நின்றான்.

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள் அக்கா.

நர்ஸ் அதை அப்படியே எழுதினாள். காலையில் அறிகுறி எதுவும் இல்லை, திடீர் மரணம்.

அந்த ஒரு வரி கீழே ஊருக்குள் வந்து என்னவெல்லாம் ஆனது என்று அக்கா கேள்விப்படாமல் இல்லை. மலை நோய் என்றால் முன்னாடியே தெரிந்திருக்கும், இல்லையென்று அரசாங்கத் தாளே சொல்கிறது, அப்படியானால் பெண்ணுக்கு இருதயத்தில் பழைய கோளாறு இருந்திருக்கிறது, அப்பன்காரன் மூடி மறைத்து எங்கள் தலையில் கட்டப் பார்த்தான் என்று மாப்பிள்ளையின் அம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். துக்கம் விசாரிக்கப் போனவர்கள் கடைசல் பட்டறைக்காரரிடம், "ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்று சொல்லிவிட்டு வந்தார்கள்.

"அண்ணி, வாயத் திறக்காதீங்க. படமே சாட்சி. நம்ம மேல ஒரு சொல் வராது" என்றான் கொழுந்தன்.

உண்மைதான், ஒரு சொல் வரவில்லை. அவள் பூசிய சிவப்பு அவளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. சாப்பிட்டாள், தூங்கினாள், அடுத்த சீசனுக்குக் கவுன்களைச் சலவைக்குப் போட்டாள். சலவைக்காரர் அந்தச் சிவப்பு கவுனைத் திருப்பிக் கொண்டுவந்தபோது மட்டும், "அது வேண்டாம், நீங்களே வச்சுக்கங்க" என்றாள்.

மூன்றாவது வாரம் பெண்ணின் அப்பா வந்தார். படியேறி வந்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். ஒல்லியான மனிதர். விரல் இடுக்கில் எண்ணெய்க் கறுப்பு. வயது தெரியாத அளவுக்கு முகம் வறண்டிருந்தது.

"படம் எதாவது இருந்தா ஒண்ணு வேணும்மா. பெரிசு பண்ணி வீட்ல மாட்டணும். அவ அம்மா கேக்கறா."

கொழுந்தன் கணினியைத் திருப்பிவைத்தான். அவர் ஒவ்வொன்றாக நிதானமாகப் பார்த்தார், ஒரு மரையின் அளவு சரியா என்று பார்ப்பதுபோல. கையைக் கன்னத்தில் வைத்த படத்தில் நிறுத்தச் சொன்னார்.

"இதுதான். இதுல பாருங்க, எவ்வளவு ஆரோக்கியமா இருக்கா. இதைப் பாத்தா யாராவது நோயாளின்னு சொல்லுவாங்களா? நான் எல்லாருக்கும் காட்டணும்."

அந்தப் படத்தை நம்பி அவர் ஊர்வாயை அடைக்கக் கிளம்புகிறார். அடைபடாது. இவ்வளவு நன்றாக இருந்தவள் எப்படிச் செத்தாள் என்றுதான் கேட்பார்கள். அந்தப் படம் அவருக்கு எதிரான சாட்சி என்பது அவருக்குப் புரியவில்லை. அக்காவுக்குப் புரிந்தது.

"அந்தப் படம் வேண்டாம்யா" என்றாள்.

"ஏன்?"

"அண்ணி" என்றான் கொழுந்தன்.

"நீ கொஞ்சம் வெளில இரு" என்றாள் அவனிடம். அவன் போகவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவள் சொல்ல ஆரம்பித்தாள். கஞ்சி, நகம், உதடு, தண்ணீர்ச் சத்தம், முதல் பூச்சு, இரண்டாவது பூச்சு. நர்ஸிடம் சொன்ன பொய். எதையும் மெழுகவில்லை. பெண் கெஞ்சியதையும், பட்டறை மூடிக் கிடந்ததற்கு அவள் சொன்ன காரணத்தையும் சொன்னபோது மட்டும், "அவ கேட்டாங்கறது எனக்கு சமாதானம் இல்ல. எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது" என்று சேர்த்துச் சொன்னாள்.

அவர் கத்துவார், அடிப்பார் என்று நினைத்திருந்தாள். அவர் கேள்வி கேட்டார்.

"நீங்க பார்த்தது எத்தனை மணிக்கு?"

"ஆறே முக்கால்."

"ஜீப் கிளம்பினது?"

"ஏழே கால்."

"அரை மணி நேரம்" என்றார். "அப்ப கீழ இறக்கியிருந்தா?"

"பெரும்பாலும் பிழைச்சிருப்பா."

"பெரும்பாலும்னா?"

"நான் பார்த்தவங்க எல்லாரும் இறங்கினதும் பிழைச்சாங்க."

அவர் சோபாவில் உட்கார்ந்தார். அவருடைய கைகள் எதையோ பிடிக்கப் போய், பிடிக்க ஒன்றும் இல்லாமல் முழங்காலில் விழுந்தன. மருந்துக் கடையின் கதவு கீழே திறந்து மூடும் சத்தம் இரண்டு முறை கேட்டது.

"பட்டறை திறக்காம இருந்தது என் பொண்ணு இடம் போச்சுன்னு இல்லம்மா" என்றார் கடைசியில். "மோட்டார் எரிஞ்சு போச்சு. ஆளு கிடைக்கல. அவ அப்படி நினைச்சுட்டாளா?"

அக்கா கணினித் திரையை அணைத்தாள்.

அவர் எழுந்தார். "நீங்க அந்த வீட்டுக்கு வந்து இதைச் சொல்லணும். என் பொண்ணு நோயை மறைச்சு நான் ஏமாத்தினேன்னு பேசறாங்க. அது நிக்கணும்."

"இப்பவே வரேன்" என்றாள் அக்கா. செருப்பை மாட்டும்போது கொழுந்தன் வழியை மறித்தான்.

"அண்ணி, இதோட தொழில் முடிஞ்சுது. தெரியுதுல்ல?"

"தெரியுது."

"என் பொழப்பு?"

"கேமரா உன்னோடது. எடுத்துக்கோ. போர்டுல என் பேரை மட்டும் அழிச்சுடு."

மாப்பிள்ளை வீட்டில் அம்மாவும் பிள்ளையும் இருந்தார்கள். கடைசல் பட்டறைக்காரரைப் பார்த்ததும் அந்த அம்மாள் முகத்தைத் திருப்பினாள். யாரும் உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே அக்கா இரண்டாவது முறையாக எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல வார்த்தைகள் குறைந்தன. நீலமாக இருந்தது, பார்த்தேன், பூசினேன். இருதயமும் காரணம் இல்லை, பழைய நோயும் காரணம் இல்லை. மலை. அப்புறம் நான்.

"இப்ப வந்து சொல்றியே, உனக்கு வெக்கமா இல்ல?" என்றாள் அந்த அம்மாள். "இதுதான் நிஜம்னு நாங்க எப்படி நம்பறது? இவர் கூட்டிட்டு வந்து சொல்ல வைக்கிறாரோ என்னவோ."

"நிஜம்தாம்மா" என்றான் மகன்.

மூன்று வாரத்தில் அவனுக்குத் தாடி வளர்ந்திருந்தது.

"உனக்கு என்னடா தெரியும்?"

"பலகைச் சுவரும்மா அது. ராத்திரி பூரா அவ இருமறது எனக்குக் கேட்டுச்சு. காலைல ஜீப்ல பக்கத்துல உக்காந்தப்ப களகளன்னு ஒரு சத்தமும் கேட்டுச்சு. அப்பவே அவகிட்ட மெதுவா கேட்டேன். ஒண்ணும் இல்லன்னா. விட்டுட்டேன்."

"ஏண்டா என்கிட்ட சொல்லல?"

"உங்ககிட்ட சொன்னா நீங்க அவளை வேண்டாம்னு சொல்லிடுவீங்கன்னு."

அந்த அம்மாள் உட்கார்ந்துவிட்டாள். சுவரில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. பெண் அப்பாவுக்காக மறைத்தாள். அக்கா பெண்ணுக்காக மறைத்தாள். இவனும் அவளுக்காகவே மறைத்தான். ஒருத்தருக்கொருத்தர் தெரியாமல் மூன்று பேரும் ஒரே கல்யாணத்தைக் காப்பாற்றியிருந்தார்கள்.

"அப்படியெல்லாம் நான் சொல்லியிருப்பேனா?" என்றாள் அந்த அம்மாள். குரலில் பழைய மிடுக்கு இல்லை. "ஒரு இருமலுக்குப் போய் நான் வேண்டாம்னு சொல்லியிருப்பேனா?"

மகன் தரையைப் பார்த்தான். கடைசல் பட்டறைக்காரர்தான் பதில் சொன்னார், கோபமே இல்லாமல்.

"சொல்லியிருப்பீங்க. சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்மா. எம் பொண்ணு இந்நேரம் வீட்ல உக்காந்து உங்களைத் திட்டிக்கிட்டு இருப்பா."

வாசலுக்கு வந்தபோது மாப்பிள்ளை பின்னாலேயே வந்தான். மாமா என்று கூப்பிட வாயெடுத்து, கூப்பிடாமல் நின்றான். அவர் அவன் தோளில் கை வைக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "நீயும் ஒரு தாள்ல எழுதிக் குடுப்பா, கேட்டதை. நீ கேட்டது எத்தனை மணிக்குன்னும் எழுது" என்றார்.

அவன் உள்ளே போய் எழுதிக்கொண்டு வந்தான். வெயிலில் நின்றபடி அவர் அதை முழுதும் படித்தார், மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"நர்ஸம்மா எழுதின தாளை எங்க மாத்துவாங்க?" என்று அக்காவிடம் கேட்டார்.

"மேல அந்த கிராமத்துலயே குடுக்கணும். அதுக்கு முன்னாடி கீழ அனுமதி ஆபீஸ்ல நான் எழுதிக் குடுக்கணும். குடுத்தா எனக்கு மலைக்கு ஆள் கூட்டிட்டுப் போற சீட்டை ரத்து பண்ணுவாங்க. போலீஸுக்கும் அனுப்புவாங்கன்னு நினைக்கிறேன்."

"அது உங்க பாடு. ஆபீஸ் எத்தனை மணி வரைக்கும்?"

"அஞ்சு மணி வரைக்கும்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். நாலே கால் ஆகியிருந்தது.

"நடங்க" என்றார்.